நூற்றிருபத்தைந்து டிகிரி

பதினைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, பிறகு மெஷின் கீக் கீக் என்று கூப்பிடும், பிசியோதெரபிஸ்ட் ஷெர்லின் கோணமானியோடு வருவாள், கையைத் தூக்குங்க டீச்சர் என்பாள், நான் நூற்றிருபத்தைந்து டிகிரி வரைக்கும் தூக்கிவிட்டு ஆ என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். போன வாரம் நூற்றுப்பதினெட்டு. ஒரு வாரத்தில் ஏழு டிகிரி என்றால் யாரும் நம்புவார்கள். கூடுதலாகவும் தெரியாது, குறைச்சலாகவும் தெரியாது. இருபத்தேழு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பின்னால் ஜோடிக்கிற பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, உனக்கு வெட்கமாயில்லையா என்று கேட்டிருக்கிறேன், இப்போது நானே விடையை முடிவு செய்துகொண்டு இந்த ரெக்சின் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரிப்பும் வருகிறது. தோளைச் சுற்றி ஒட்டியிருக்கும் நான்கு பட்டைகளும் விறுவிறு விறுவிறு என்கின்றன, அதற்குமேல் துண்டில் சுற்றிய சூட்டு மூட்டை, அந்தச் சூடு எலும்புவரைக்கும் இறங்குகிறது, உள்ளே ஏதோ ஒன்று இளகிப் பாகாகிற மாதிரி இருக்கிறது, இந்தச் சுகத்துக்காகவே இன்னும் ஆறு மாசம் தோள் வலிக்கலாம் போல. திரைக்குக் கீழே என் வீட்டுக்காரருடைய செருப்பு தெரிகிறது. சனிக்கிழமை கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு என்னோடு வந்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திருமூர்த்தி மோட்டார் ரீவைண்டிங் என்றால் எங்கள் கணபதி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓடவைத்துவிடுவார். என்னிடம்தான் பேசமாட்டார். பேசமாட்டார் என்று சொல்லக்கூடாது, இப்போதெல்லாம் பேசுகிறார், அதுதானே சங்கடமே.

பக்கத்துத் திரைக்குள்ளே ஒரு டீ மாஸ்டர், வலது முழங்கையில் வலியாம், ஷெர்லின் டென்னிஸ் எல்போ என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நான் அந்தப் பந்தையே தொட்டதில்லியேம்மா!" ஷெர்லின் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஒரு சிரிப்புச் சிரித்தாள், "நீங்க டீ ஆத்துறதுதாண்ணே டென்னிஸ். நாளெல்லாம் மணிக்கட்டை மடக்கி மடக்கி ஆத்துதீங்க. அந்தத் தசை எல்லாம் போயி கட்டியிருக்கது முழங்கையிலதான். இழுத்து இழுத்து அங்க புண்ணாயிருச்சி." அப்ப டீக்கடையை மூடிப்போட்டு உக்காந்துக்கட்டுமா என்று அவர் கேட்க, மூட வேண்டாம், மணிக்கட்டை நேராக வைத்துப் பிடியுங்கள், கொஞ்ச நாள் முழங்கைக்குக் கீழே பட்டை போடுங்கள், ஒரு கிலோ எடையைக் கையில் வைத்து மெதுவாக இறக்கிப் பழகுங்கள் என்று அவள் பாடம் நடத்துகிறாள். நல்ல டீச்சர். என்னைவிட நல்ல டீச்சர். இவளிடம் போய்ப் பொய் சொல்லப்போகிறேன்.

எல்லாம் இன்று காலை குளியலறையில் ஆரம்பித்தது. ஒன்பது மாதமாக இடது கையால்தான் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன், பாதித் தண்ணீர் தலைக்கும் பாதி சுவருக்கும் போகும். இன்றைக்கு என்ன நினைவில் இருந்தேனோ, பத்தாம் வகுப்பு பி பிரிவின் திருப்புதல் தேர்வுத் தாள்களை நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, வலது கை மக்கை எடுத்தது, மொண்டது, தலைக்குமேல் போய்க் கவிழ்த்தது. உச்சியில் வெந்நீர் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே நின்றேன். மறுபடி மொண்டேன். மறுபடி போனது. வலி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பழைய வலி இல்லை, யாரோ கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தள்ளுகிற வலி இல்லை, சோம்பல் முறித்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று. ஏழு மக்கு ஊற்றிக்கொண்டேன். எட்டாவதும் ஊற்றினேன். வாய்விட்டுச் சிரித்துவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். கொடியில் கிடந்த துண்டை வலது கையாலேயே எட்டி எடுத்தேன், கதவுக்குமேலே கையை நீட்டி நிலையைத் தொட்டேன், ஒட்டடை விரலில் ஒட்டியது, ஒட்டடையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்தக் கோயம்புத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கதவைத் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். கூடத்தில் முக்காலியைப் போட்டு, தோளில் ஈரிழைத் துண்டும் கையில் சீப்புமாக அவர் நின்றுகொண்டிருந்தார். "தலை தொவட்டியாச்சா வசந்தா? சீக்கிரம் வா, இன்னைக்கு ஒரு சங்கதி சொல்லோணும்" என்றார். என் கை தானாகத் தொங்கிவிட்டது. போய் முக்காலியில் உட்கார்ந்தேன். சொல்லவில்லை.

இத்தனைக்கும் இது வந்ததே என் முட்டாள்தனத்தால்தான். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், டிரைவர் ஒரு பிரேக் போட்டார், தோளில் சுரீர் என்று ஒன்று ஓடியது. கையை ஆட்டாதீங்க டீச்சர், ரெஸ்ட் குடுங்க என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னார்கள், நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள், கேட்டால் முழுசாகக் கேட்கிறவள், மூன்று மாதம் அந்தக் கையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். இடது கையால் சாப்பாட்டைத் தவிர எல்லாம் செய்தேன். ஒருநாள் பார்த்தால் விலாவிலிருந்து அது வரவே மாட்டேன் என்கிறது. டாக்டர் என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சுகர் இருக்குதா என்றார், இருக்குதுங்க என்றேன், வலிக்குதுன்னு அசைக்காமயே வச்சிருந்தீங்களா என்றார், ஆமாங்க என்றேன், அதுதான் தப்பு என்றார். தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம், அது தடித்துச் சுருங்கி ஒட்டிக்கொள்ளுமாம், முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெதுவாக இளகல், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும், சுகரைக் கட்டுக்குள் வையுங்கள், வலி தாங்கும் அளவுக்குத் தினமும் அசையுங்கள் என்றார். ஃப்ரோசன் ஷோல்டர் என்று சீட்டில் எழுதினார். அன்றிலிருந்து நான் கரும்பலகையின் கீழ்ப்பாதிக்கு மட்டும் டீச்சர். மேல்பாதி காலியாகக் கிடக்கும், கீழே குனிந்து எழுதுவேன், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதிக்கொள்ளும். ஷெர்லின் கொடுத்த பயிற்சிகள் எல்லாம் வீட்டில் நடந்தன, குனிந்து கையைத் தொங்கவிட்டுப் பெண்டுலம் போல ஆட்டுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவது. ஏறின உயரத்தில் என் வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். நான் ஏமாற்றுவேன், தோளைக் காதுவரை உயர்த்தி இடுப்பை ஒருபக்கம் சாய்த்து எட்டுவேன், ஷெர்லின் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள், "டீச்சர், கை போகல, நீங்கதான் போறீங்க" என்றாள். ஆக ஏமாற்றுவதும் எனக்குப் புதிதில்லை, ஆனால் அதெல்லாம் இல்லாத டிகிரியை இருக்கிறதாகக் காட்டுவது, இன்றைக்கு இருக்கிறதை இல்லை என்று காட்ட வேண்டும்.

எல்லாம் செய்யலாம், தலைமட்டும் ஒற்றைக் கையால் பின்ன முடியாது. மகன் புனேயில் இருக்கிறான், வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. பேசாமல் கத்தரித்துக்கொள்ளலாம் என்று நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் சுருக்கமாகச் சொன்னார், "உக்காரு." உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் அவர் என் தலைமுடியை அப்படித் தொட்டதில்லை. மூன்றாகப் பிரித்தார், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், ஒரு பிரி கனம் என்று சொல்லி அதிலிருந்து நான்கு முடியை எடுத்து அடுத்ததில் சேர்த்தார். பிறகு பின்னினார் பாருங்கள், மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளை, அந்தக் காயிலைக் கட்டுகிற இறுக்கம், என் புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டது, கண்ணை முழுசாக மூட முடியவில்லை. நுனியில் எதையோ சுற்றிக் கட்டினார். பள்ளிக்கூடம் போனால் ஹிந்தி டீச்சர் என்னைத் திருப்பி நிறுத்தி, என்னங்க டீச்சர் இது என்றாள், மோட்டார் காயிலைச் சுற்றுகிற வெள்ளை காட்டன் டேப், மூன்று முடிச்சு, அவிழவே இல்லை, சாயங்காலம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் இறுக்கம் குறைந்தது. பத்து நாளில் கை படிந்துவிட்டது. இறுக்கிப்போட்டனா, வலிக்குதா என்று இரண்டு தடவை கேட்பார். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. முகத்துக்கு எதிரே வராத பேச்சு முதுகுக்குப் பின்னால் வந்தது. பக்கத்து லேத்துக்காரர் கதை, தண்ணீரில் விழுந்த மோட்டார் கதை, சின்ன வயசில் வாய்க்காலில் நீச்சல் பழகாமலே குதித்த கதை. ஒருநாள் நடுப்பின்னலில் நிறுத்திவிட்டுச் சொன்னார், "நான் கணக்குல ரெண்டு வாட்டி பெயிலானவன். கண்ணாலம் ஆனதுல இருந்து உனக்குப் பயந்துக்கிட்டே கெடந்தேன் வசந்தா. எதைச் சொன்னாலும் தப்புன்னு சொல்லிருவியோன்னு." எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, திரும்பினால் பிரி கலைந்துவிடும், பேச்சும் நின்றுவிடும், அப்படியே உட்கார்ந்திருந்தேன், கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. பேசாத மனிதர் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன், பயந்த மனிதர் என்று யார் கண்டது.

இன்றைக்குக் காலைச் சங்கதி என்னவென்றால், கடைக்கூரையில் ஒரு மைனா கூடுகட்ட வருகிறதாம், அவர் நறுக்கிப் போடுகிற செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சிரிப்பில் சீப்பு ஆடியது. நான் வலது கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு கேட்டேன். அந்தக் கை எழுந்து போய்விடுமோ என்று அமுக்கிக்கொண்டேன். கை வந்துவிட்டது என்று சொன்னால் நாளைக்கு முக்காலி கிடையாது. முக்காலி இல்லாவிட்டால் பேச்சு கிடையாது. அவர் காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுப்பார், நான் டிபன் டப்பாவை மூடுவேன், மைனா முட்டை போட்டதா, குஞ்சு பொரித்ததா, எனக்கு யார் சொல்வார்கள்? கேட்டால் சொல்வார், ம், பொரிச்சிருச்சு என்று ஒரு சொல்லில் சொல்வார். சரி, பின்னிவிடுங்கள் என்று கேட்டுவிடேன், கேட்பதற்கு என்ன? எப்படிக் கேட்பது? கை நன்றாயிருக்கிறபோது, ஐம்பத்தோரு வயதில், மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில், ஏனுங்க எனக்கு ஆசையாயிருக்குது என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள். காரணம் இருந்தால் சொல்லலாம். நோவு ஒரு நல்ல காரணம். நோவைவிட நல்ல காரணம் எனக்கு இதுவரை அகப்படவில்லை. அதனால் நூற்றிருபத்தைந்து. அடுத்த வாரம் நூற்றிருபத்தெட்டு. மெதுவாகப் போனால் ஆடிவரைக்கும் இழுக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம்? அடுத்த மாசம் பொதுத்தேர்வு, மேல்பாதிப் பலகை எனக்கு வேண்டும், அங்கே எழுதினால் கதை வெளியே வந்துவிடும், ஹிந்தி டீச்சர் அவர் கடைக்குத்தான் மிக்ஸி கொண்டுபோகிறாள். கீழ்ப்பாதியிலேயே எழுதினால் பிள்ளைகளுக்குத் துரோகம். மேல்பாதியில் எழுதிவிட்டு வீட்டில் நடித்தால் அவருக்குத் துரோகம், அதுவும் அவரிடம், கணக்கு டீச்சர் தப்பே செய்யமாட்டாள் என்று பயந்து கிடந்தவரிடம். ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினால், எதிரே தொண்ணூறு டிகிரி என்றால் ஸ்விட்ச் பலகை, நூற்றிருபது என்றால் ஷெர்லின் ஐஸ் பை வைக்கிற ஃப்ரிட்ஜின் தலை, நூற்றிருபத்தைந்து என்றால் அதற்கும் ஒரு விரல் மேலே, எதிர்ச்சுவரில் கடிகாரத்தின் அடிவிளிம்பு. அங்கே நிறுத்த வேண்டும். கடிகாரத்தைப் பார், நிறுத்து, முகத்தைச் சுளி. கீக் கீக் என்றது மெஷின்.

ஷெர்லின் பட்டைகளைப் பிரித்து எடுத்தாள், ஸ்டூலில் உட்காரவைத்தாள். எப்படியிருக்கு டீச்சர் என்றாள். அப்படியேதான் இருக்கு என்றேன். அவள் கோணமானியின் நீண்ட கையை என் கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னைக்குக் கண்ணை மூடிக்கிடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"நீங்க கையைப் பாத்துப் பாத்துப் பயப்படுதீங்க. பயந்தா தசை இறுகிரும். முழங்கையை நான் தாங்கிக்கிடுதேன், மூச்சை விட்டுட்டுச் சும்மா தூக்குங்க."

மூடினேன். கடிகாரம் போய்விட்டது. இருட்டில் டிகிரி கிடையாது. அவளுடைய உள்ளங்கை முழங்கையின் அடியில் வெதுவெதுப்பாக இருந்தது, கை கிளம்பியது, இது ஸ்விட்ச் பலகை, இல்லை அதற்குமேலே, இது ஃப்ரிட்ஜ், நிறுத்து, இதுவா, இன்னும் இல்லை, எங்கேயிருக்கிறேன், கை லேசாகிக்கொண்டே போகிறது, எனக்கென்ன என்று போகிறது, ஒன்பது மாதம் கட்டிப்போட்டிருந்த ஒன்று அவிழ்ந்து ஓடுகிறது, ஐயோ எவ்வளவு நன்றாயிருக்கிறது. காதில் ஏதோ உரசியது. யாருடைய கை என்று பார்த்தால் என்னுடையது.

"நூத்தி எழுபது!" ஷெர்லின் கத்தினாள். "சார்! சார், இங்க ஓடி வாங்க!"

திரை இழுபட்டது. டீ மாஸ்டர்கூட எட்டிப் பார்த்தார். விடை தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், இறக்கத் தோன்றவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், நுனிவிரல்வரைக்கும் பார்த்தார். "நல்லதுங்க" என்றார் ஷெர்லினிடம், "ரொம்ப நல்லதுங்க." வாய்தான் சொன்னது, முகம் விழுந்துவிட்டது.

"இனி டீச்சரே தலை பின்னிக்கிடுவாங்க சார். உங்களுக்கு விடுதலை!"

"ஆமாங்க. விடுதலைதானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த தோள் எலும்புப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் அவருக்கு என்ன புரிகிறது, ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தார். என் கை குணமானதற்கு என் வீட்டுக்காரர் வருத்தப்படுகிறார். கடவுளே, வருத்தப்படுகிறார். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு பெரிய சந்தோஷத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

"ஏனுங்க" என்றேன். திரும்பவில்லை. "நாளைக்கும் நீங்கதான் பின்னோணும்."

"கைதான் வந்துருச்சே."

"வந்துருச்சு. காலையில குளிக்கறப்பவே வந்துருச்சுங்க. நான்தான் சொல்லலை. இங்கயும் நூத்தி இருபத்தஞ்சோட நிறுத்திக்கலாம்னு கணக்குப் போட்டு வந்தேன்." ஷெர்லின் கோணமானியோடு அப்படியே நின்றாள். டீ மாஸ்டர் முழங்கையைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். இருக்கட்டும், கேட்கட்டும். "நீங்க பின்னிவிட்டாத்தான் எனக்குப் புடிச்சிருக்குது. பின்னறப்ப நீங்க பேசறது புடிச்சிருக்குது."

அவர் இப்போது திரும்பினார். சட்டைப் பொத்தானைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நாலு பிரி போடப் பழகீட்டிருந்தேன்" என்றார்.

"எதுல?"

"கடையில, நைலான் கயித்துல. பத்து நாளாச்சு. பசங்க கேட்டா காயிலுக்குன்னு சொல்லி வச்சிருக்கறேன்."

நான் பின்னலை முன்னால் இழுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினேன். போடுங்க பாக்கலாம் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால். ஷெர்லின் மேஜை இழுப்பறையிலிருந்து தன்னுடைய சீப்பை எடுத்து நீட்டினாள். அவருடைய விரல்கள் நான்காகப் பிரித்தன, எடை பார்த்தன, ஒரு பிரியிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததில் சேர்த்தன. பிறகு நின்றுவிட்டன.

"ஏன் அம்மிணி, நீயா?" என்றார். "நெசமாலுமே பொய் சொல்லலாம்னு வந்தியா? நூத்தி இருபத்தஞ்சு டிகிரின்னு கணக்கெல்லாம் போட்டு?"

"ஆமாங்க."

"கணக்கு டீச்சரு, கள்ளக்கணக்கு!" என்றார், மறுபடியும் அதையே சொன்னார், என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருடமாக எனக்குப் பயந்த மனிதர் சத்தம் போட்டுச் சிரித்தார்.